நீதிமானாக்கப்படுதல்: ‘ஏற்புத்தீர்ப்பு’ சரியாக வருமா?

குழு அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் நான் கேட்டதற்கு இத்தனை பேர் பதில் எழுதியதில் ரொம்ப மகிழ்ச்சி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நாங்கள் போகிற சபையின் அடிப்படை நம்பிக்கைகளை ஒரே தாளில், பிள்ளைகளுக்கும் புரிகிற தமிழில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். திரியேகக் கடவுள், வேதம், ஞானஸ்நானம், உயிர்த்தெழுதல் எல்லாம் எழுதியாயிற்று. நாலாவது பத்தியில் நிற்கிறேன். மனிதர் தம் நற்செயலால் அல்ல, கிருபையினால், கிறிஸ்துமேல் வைக்கும் விசுவாசத்தினால் கடவுளுக்கு முன்பாக என்ன ஆகிறார்? அந்த ஒரு சொல்தான் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் வழி வந்த சபைகளுக்கு இதுவே உயிர்நாடி. 1530இல் எழுதப்பட்ட ஆக்ஸ்பர்க்கு விசுவாச அறிக்கையிலும் இது நாலாவது பிரிவாகத்தான் வருகிறது.

முதலில், பழைய சொல்லையே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்ட பினாங்கு ஐயாவுக்கு. ஐயா, ‘நீதிமானாக்கப்படுதல்’ என்று கேட்டே வளர்ந்தவள் நான், அதை விட மனசு வரவில்லை. ஆனால் திடப்படுத்தல் வகுப்பில் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடத் தயாராகும் வகுப்பு) பதினாலு வயதுப் பையன் ஒருவன் தன் தாளில் அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டுப் பக்கத்தில் ‘ஹக்கிம்’ என்று, அதாவது மலாயில் நீதிபதி என்று, எழுதி வைத்திருந்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்த பிள்ளை, தமிழ் நன்றாகவே வரும். அவனுக்கு நீதிபதியும் நீதிமானும் ஒன்று, அதனால் விசுவாசித்தால் கடவுள் நம்மை நீதிபதி ஆக்குகிறார் என்றே அத்தனை வாரமும் நினைத்திருக்கிறான். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் இருந்த பெண் கேட்டாள், “அப்போ பொம்பளைப் பிள்ளைங்கள என்னான்னு சொல்வாங்க டீச்சர்?” சீமானுக்குச் சீமாட்டி உண்டு. நீதிமானுக்கு? எனக்கு அந்த இடத்தில் பதில் இல்லை. இரட்சிப்பின் நடுமையத்தில் இருக்கிற ஒரு சொல் அந்தப் பிள்ளையை வெளியே நிறுத்தியது போலிருந்தது, அதுதான் இந்த இழையையே தொடங்க வைத்தது.

ஈப்போ தம்பி சொன்ன ‘நியாயப்படுத்துதல்’ வேண்டாம். ஆங்கில ‘justification’க்கு அகராதியில் நேராகக் கிடைப்பது அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் பேசுகிற தமிழில் ஒருவர் செய்த தப்பை நியாயப்படுத்துகிறார் என்றால் சாக்குச் சொல்கிறார் என்றுதான் அர்த்தம். பாவத்தைச் சரியென்று சொல்லுகிற கடவுளை எந்தச் சபையும் அறிக்கையிடுவதில்லை.

அப்புறம் ‘ஏற்புடையவராதல்’. 1995இல் வந்த திருவிவிலியத்தின் சொல், கத்தோலிக்க நண்பர்கள் ஆலயத்தில் வாசித்துக் கேட்பது. இங்கேதான் எனக்கு ஒன்று வியப்பாகப் பட்டது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இலத்தீனில் இந்தக் கருத்துக்கான சொல் ‘நீதியுள்ளவராகச் செய்தல்’ என்று பிரியும், கத்தோலிக்க இறையியல் அந்த வழியில் வளர்ந்தது. 1547இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம், இது பாவமன்னிப்பு மட்டுமல்ல, உள்ளான மனிதரைப் புனிதராக்கிப் புதுப்பிப்பதும்தான் என்று தீர்மானித்தது. லூத்தர் பக்கத்தாரோ கிரேக்க மூலத்தைப் பார்த்து, இது நீதிமன்றச் சொல், ‘நீதியுள்ளவர் என்று அறிவித்தல்’ என்பதே பொருள் என்றார்கள். சரி, இப்போது நம் தமிழைப் பாருங்கள். புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் இருப்பது நீதிமான் ‘ஆக்குதல்’. ஆக்குதல் என்றால் செய்தல், சோறு ஆக்குவது மாதிரி. அரிசி அரிசியாகவே இருந்தால் சோறு ஆக்கியதாகச் சொல்ல மாட்டோம். ஆக, புராட்டஸ்டண்டுகள் வாசிக்கிற சொல் கத்தோலிக்க விளக்கத்துக்குத்தான் கிட்ட நிற்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கிற ‘ஏற்புடையவர்’, கடவுள் நம்மை ஏற்றுக்கொள்ளுகிற உறவைச் சொல்லி, லூத்தர் பேசியதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதிலும் ‘ஆக்கப்படுதல்’ ஒட்டிக்கொண்டுதான் வரும், ஆனாலும் அடிச்சொல் உறவைச் சொல்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகவும் இருக்கிறது.

ஆனால் அதில் நீதிமன்றம் காணாமல் போய்விடுகிறது. ‘இந்தத் திட்டம் எங்களுக்கு ஏற்புடையதே’ என்று கூட்டக் குறிப்பில் எழுதுவோமே, அந்த வாடை. குற்றவாளிக் கூண்டில் நின்றவர் வெளியே நடந்து வந்த சங்கதி அதில் இல்லை.

நீதிமன்றம் ஏன் வேண்டும் என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார்.

> தீர்ப்பு, வழக்கு என்றாலே பயம். அன்பைச் சொல்ல வேறு சொல் பாருங்களேன்.

அக்கா, நம் ஊர் நீதிமன்றங்களில் ஒருவரை விடுவிப்பதில் இரண்டு வகை உண்டு, பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோம். ஒன்று முழு விடுதலை. இன்னொன்று, இப்போதைக்கு விடுவிப்பு, ஆனால் விடுதலைக்குச் சமமாகாது. இதில் அதே குற்றச்சாட்டை அரசுத் தரப்பு திரும்பக் கொண்டுவரலாம். வீட்டுக்கு வந்த பிறகும் மனசுக்குள் கோப்பு திறந்தே கிடக்கும். நம் சபைகளில் ரொம்பப் பேர் கடவுளை இந்த இரண்டாவது வகையில்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மன்னிச்சாரு, ஆனா திரும்பவும் எடுப்பாரோ என்னவோ என்று. வழக்கு முடிந்தது என்று சொல்லத் தீர்ப்பு வேண்டும் அக்கா. ‘தீர்’ என்ற வேரே முடிவதைத்தானே சொல்கிறது, கடன் தீர்ந்தது, நோய் தீர்ந்தது.

அதனால் என் முன்மொழிவு: ஏற்புத்தீர்ப்பு. ஏற்பு உறவைச் சொல்லும், தீர்ப்பு வழக்கு முடிந்ததைச் சொல்லும். ‘நியாயத்தீர்ப்பு நாள்’ எல்லாச் சபைகளுக்கும் தெரிந்த சொல் என்பதால் இது அதன் பக்கத்தில் போய் உட்காரும். கடைசி நாளில் வரவேண்டிய தீர்ப்பைக் கிறிஸ்துவினிமித்தம் இன்றைக்கே கேட்டுவிடுகிறோம் என்பது பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் சாரம்தானே.

போன வியாழன் இதை மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கேட்டுவிட்டு, பூண்டு உரித்தபடியே, “பெரட்டுக்கே போகாத அன்னிக்கும் செக்ரோல்ல பேரு போட்ட மாதிரி” என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம், செக்ரோல் கூலிக்கான வருகைப் பதிவேடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரோமர் நாலாம் அதிகாரம் அப்படியே அதுதான். வேலை செய்தவருக்கு வருவது கூலி, செய்யாதவருக்கு விசுவாசம் நீதியாக ‘எண்ணப்படும்’. அங்கே வருகிற கிரேக்கச் சொல்லும் கணக்கில் வைப்பதற்கு வழங்கிய சொல்தான்.

‘அப்படியானால் மாறாத ஆளை மாறினதாகச் சொல்வதா?’ என்ற பினாங்கு ஐயாவின் கேள்வி நியாயமானது. 31 அக்டோபர் 1999இல் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்க்கில் இந்தக் கோட்பாட்டைப் பற்றிக் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, கடவுள் பாவத்தை எண்ணாமல் விடுவதையும் புது வாழ்வைத் தருவதையும் பிரிக்கக் கூடாது என்கிறது. 2006இல் மெதடிஸ்டுகளும் அதோடு சேர்ந்துகொண்டார்கள். ஏற்கப்பட்ட பிள்ளை அந்த வீட்டிலேயே வளரும். அந்த வளர்ச்சிக்குப் ‘பரிசுத்தமாகுதல்’ என்று ஐந்தாம் பத்தி தனியாக இருக்கிறது, ஐயா. ஒரே சொல்லில் இரண்டையும் அடைக்க நான் பார்க்கவில்லை.

எனக்கே திருப்தியில்லாதது வினைச்சொல். ‘கடவுள் நம்மை ஏற்றுத் தீர்ப்பளித்தார்’ என்று எழுதிப் பார்த்தேன், வாய்விட்டுப் படித்தால் ‘ஏற்று’ம் ‘தீர்ப்பளித்தார்’ம் தனித்தனியாக நிற்கின்றன. ‘ஏற்றுத் தீர்த்தார்’ என்றால் தீர்த்துக்கட்டினார் என்று காதில் விழுகிறது, அது வேண்டவே வேண்டாம். பெயர்ச்சொல்லாக மட்டும் வைத்து ‘ஏற்புத்தீர்ப்புப் பெற்றோம்’ என்று போடலாம், ஆனால் கடவுள் எழுவாயாக வரவேண்டிய வாக்கியம் அது, நம்மை எழுவாயாக்க எனக்கு மனமில்லை. ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை இரவு வரை பார்த்துக்கொண்டிருப்பேன், நல்ல வினையொன்று தோன்றினால் எழுதுங்கள்.