மனநலம் படிக்கும் மாணவர்களுக்கு நீங்கள் பாடம் நடத்தியதுண்டா? அனுபவத்தைப் பகிருங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்திலிருந்து:
எனக்கு இருமுனைக் கோளாறு; மனம் சில காலம் அளவுமீறிப் பொங்கும், சில காலம் அடியோடு சோர்ந்துவிடும். அதைச் சீராக வைக்கப் பல ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். டர்பனில் செவிலியர் மாணவர்களிடம் பேச அழைத்தார்கள். "உங்கள் கதையைச் சொன்னால் போதும்" என்றார்கள். வேதனையைக் காட்டிவிட்டு வர எனக்கு விருப்பமில்லை. பாடமே நடத்துகிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

தைப்பூசக் காவடியை எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் தைப்பூசம் வருவதே கொளுத்தும் கோடையில். விரதத்தில் சாப்பாடு குறையும், சிலர் உப்பையும் குறைப்பார்கள். காவடியன்று வியர்த்துக் கொட்டும். தண்ணீர் குடிக்க மனம் வராது. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவிடும். அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் இரத்தத்தில் நஞ்சாக ஏறும். கை நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும். கோவிலில் பார்ப்பவர்கள் அருள் வந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

அந்த அறிகுறிகள் எல்லாம் மாணவர்களுக்கு மனப்பாடம். "இந்த வருடம் காவடி எடுக்கிறீர்களா?" என்று முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு ஜூலு மாணவி எழுந்து, தன் சபையிலும் உபவாசம் உண்டு என்றாள். பேச்சு ரமலான் நோன்புக்குப் போனது. எனக்கு அன்று உண்டான நிறைவைச் சொல்லி முடியாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து, மனநலச் செவிலியர்:
நான் நடத்துவது 2002 மனநலப் பராமரிப்புச் சட்டம். 72 மணி நேர மதிப்பீடு, அதாவது சம்மதமின்றிச் சேர்க்கப்பட்டவரை மருத்துவமனையில் வைத்துப் பரிசோதிக்கும் காலம், என்பதைச் சட்டப்பிரிவாகவே சொல்லிக்கொடுத்து வந்தோம். அந்த 72 மணி நேரத்தை உள்ளே கழித்த ஓர் அம்மா வகுப்புக்கு வந்து, "உங்கள் அறையில் கடிகாரம் மாட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். அவர் இருந்த அறையில் இல்லையாம். ஒரேயொரு செவிலியர் மட்டும் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டுப் போவாராம். இன்றும் அவரைக் கும்பிடுவதாகச் சொன்னார். மாணவர்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

லைஃப் எசிதிமேனி மனநல மையத்தில் இருந்தவர்களுக்கு நேர்ந்தது நினைவிருக்கிறதல்லவா? கௌட்டெங் மாகாணத்தில் அந்த மனநோயாளிகளைத் தகுதியற்ற இல்லங்களுக்கு மாற்றியதில் 144 பேர் மாண்டார்கள். குடும்பத்தார் கதறியும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கத்தைப் படிக்கும் வயதிலேயே ஊட்ட வேண்டும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து மறுபடியும்:
அக்கா, உங்கள் கல்லூரியில் ஒன்று கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் 2003-இல் தொடங்கிய சமூகப்பணிப் பட்டப்படிப்பில், மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் சேவை பெறுவோருக்குப் பங்கு உண்டு என்று விதியே செய்தார்கள். இங்கே எங்களுக்கு டாக்ஸிக் கட்டணமும் ஒரு நன்றிக் கடிதமும்தான். விரிவுரையாளருக்குத் தரும் ஊதியத்தை எங்களுக்கும் தரட்டும். நேர்காணல் தேர்வில் மதிப்பெண் போடவும் உட்கார வைக்கட்டும். நான் வரத் தயார்.