மாஸ் எஃபெக்ட் 3: உங்களை உலுக்கிய அந்த ஒரு மோதல் எது?

மாஸ் எஃபெக்ட் 3 என்ற விண்வெளிக் கேமைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் நேராகக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான் ஓடுகிறார்கள். 2012 மார்ச்சில் கேம் வெளியானபோது மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அந்த மூன்று நிற முடிவை வைத்துத் தொடங்கிய சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. அது ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த இடத்துக்கு வந்து சேருவதற்குள் எங்காவது ஓரிடத்தில் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இந்த இழையில் ஒவ்வொருவராக அதைச் சொல்லுங்கள். எதிரி என்றாலும் சரி, கூடவே வந்தவர் என்றாலும் சரி. கதை முழுக்க வெளியே வரும். இன்னும் ஆடாதவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம்.

நானே ஆரம்பிக்கிறேன். எனக்கு டுச்சங்கா, க்ரோகன் இனத்தின் தாய்க்கிரகம்.

நம் கூட்டாளியான சலேரியன் இன விஞ்ஞானி மோர்டின், ஷ்ரவுட் என்ற கோபுரத்தின் உச்சிக்குப் போய், க்ரோகன்களின் பிறப்பை முடக்கிய ஜெனோஃபேஜ் நோய்க்கான மருந்தைக் காற்றில் கலந்துவிட்டு, பாட்டை முணுமுணுத்தபடியே வெடித்துச் சாவாரே, அது எல்லோருக்கும் தெரியும். அழாதவர்கள் குறைவு. ஆனால் என்னை ஆட்டிவைத்தது இன்னொரு சேவ் ஃபைல்; முந்தைய பாகங்களில் எடுத்த முடிவுகள் அதில் அப்படியே தொடரும். அதில் முதல் பாகத்திலேயே வர்மையர் கிரகத்தில் நம் க்ரோகன் தோழன் ரெக்ஸ் செத்துவிட்டான். இரண்டாம் பாகத்தில் மோர்டினின் மாணவன் மேலன் இந்த மருந்துக்காகச் சேர்த்த ஆய்வுத் தரவை அழித்துவிட்டேன். அதனால் மூன்றில் க்ரோகன்களின் தலைவனாக வந்து நிற்பது ரீவ். ரத்தவெறி பிடித்த ஆள். போதாக்குறைக்கு, மருந்து உருவாக உதவிய க்ரோகன் பெண் ஈவும் பிழைக்கவில்லை. இந்த நிலையில், நமக்குப் போதிய செல்வாக்கு இருந்தால், மோர்டினிடமே பேசிப் பார்க்கலாம்: இவன் கையில் இந்த மருந்தைக் கொடுக்கலாமா? அவர் லிஃப்ட் முன்னால் நின்று யோசிக்கிறார். பிறகு மருந்து வேலை செய்யாமல் விட ஒப்புக்கொண்டு போய்விடுகிறார். உயிரோடு.

எந்தப் பாட்டும் இல்லை. மோர்டினைக் காப்பாற்ற இந்தக் கேமில் அது ஒன்றுதான் வழி. அதற்கு ஒரு இனத்தையே ஏமாற்ற வேண்டும். அந்த ஏமாற்று நியாயமாகத் தோன்றும் அளவுக்கு முந்தைய இரண்டு பாகங்களிலும் நம் முடிவுகள் தப்பாகப் போயிருக்க வேண்டும். 2007-ல் வந்த கேமில் எடுத்த முடிவுக்கு 2012-ல் கணக்குத் தீர்க்கிறார்கள். வேறு எந்தத் துப்பாக்கிச் சண்டை கேமிலும் இப்படி மாட்டிக்கொண்டதில்லை.

*

நீங்கள் பேசி அனுப்பினீர்கள். நான் சுட்டேன்.

முழுக்க ரெனிகேடாக, அதாவது ஈவிரக்கமில்லாமல், ஆடியே தீருவது என்று ஒரு ஷெப்பர்டை (நாம் ஆடும் நாயகப் பாத்திரம்) வைத்திருந்தேன். சலேரியன்களின் தலைவியான டலட்ராஸ் சொன்னபடி மருந்தைக் கெடுத்துவிட வேண்டும். மோர்டின் சம்மதிக்கவில்லை. லிஃப்டை நோக்கித் திரும்புகிறார், திரையில் அந்தச் சிவப்புக் குறி மின்னுகிறது. பட்டனை அழுத்தினேன். முதுகில் குண்டு. ஆள் அத்தோடு முடிந்துவிடவில்லை என்பதுதான் கொடுமை. தவழ்ந்து தவழ்ந்து கன்சோலிடம் போய், கை எட்டுவதற்குள் உயிர் போகிறது.

அந்த சேவில் ரெக்ஸ் இருந்தான். கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. க்ரோகன் படையும் கணக்கில், சலேரியன் படையும் கணக்கில், வார் அசெட்ஸ் (போர்ப் பலம்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒருநாள் சிட்டடல் விண்வெளி நிலையத்தில் கப்பலை விட்டு இறங்கினால் ரெக்ஸ் எதிரே நிற்கிறான், விஷயம் தெரிந்து. மூன்று பாகமும் தோளோடு தோள் நின்றவன். அந்தச் சண்டையில் திறமைக்கு ஒரு வேலையும் இல்லை, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். பிறகும் கேம் எதுவும் நடக்காதது போலத் தொடர்கிறது. நம் கப்பலான நார்மண்டியில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

*

கதை எல்லாம் நீங்கள் பேசுங்கள், நான் மல்டிபிளேயர்க்காரன். என் அனுபவம் முழுக்க பான்ஷீ என்ற எதிரிதான்.

தெரியாதவர்களுக்கு: நான்கு பேர் ஒரு குழு, பத்து அலை எதிரிகள், பதினோராவது அலையில் விண்கலம் வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். மூன்று, ஆறு, பத்தாவது அலைகளில் தனி வேலை ஒன்று கொடுப்பார்கள். எதிரி, கதையின் முக்கிய வில்லன்களான ராட்சத இயந்திரங்கள் ரீப்பர்களின் படையாக இருந்து, கடினமான கோல்டு நிலையில் ஆடினால் பத்தாவது அலையில் பான்ஷீக்கள் கூட்டமாக வரும். முதலில் அலறல் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. அப்புறம் நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்று தாவித் தாவி வரும். ஒரு தாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு விடும் நேரம்தான். கிட்டே வந்தால் கழுத்தைப் பிடித்துத் தூக்குவாள், கையை வயிற்றில் செருகுவாள், கதை முடிந்தது. சாதாரணமாக விழுந்தால் கூட்டாளி வந்து எழுப்பலாம், மெடி-ஜெல் போட்டு நாமே எழலாம். இவள் கையில் மாட்டினால் இரண்டும் இல்லை, அந்த அலை முடியும்வரை பிணம்தான். நெட் கொஞ்சம் தடுமாறினால் நாலு அடி தள்ளி நிற்பவனையும் பிடித்து இழுத்துவிடுவாள். இதைச் சொன்னால் ஆடாதவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஃபயர்பேஸ் கிளேசியர். இடுக்கு முடுக்கான சின்ன மேப். பத்தாவது அலை, வரிசையாக நான்கு கருவிகளைச் செயலிழக்கச் செய்ய வேண்டும், நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பின் தெரியாத நான்கு பேர், யாரிடமும் மைக் இல்லை. நான் க்ரோகன்; முதல் ஆளாக பான்ஷீயிடம் மாட்டினேன். அடுத்து இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மிச்சம் ஒரு சலேரியன் இன்ஃபில்ட்ரேட்டர், உருவத்தை மறைத்துக்கொள்ளத் தெரிந்த வகை. அவன் ஒரு தோட்டாகூடச் செலவழிக்கவில்லை. மறைகிறான், ஓடுகிறான், கருவி முன்னால் மண்டியிடுகிறான், மறைவு கலைவதற்குள் மூலையில் ஒதுங்குகிறான். பக்கத்திலேயே பான்ஷீ உலாத்திக்கொண்டிருக்கிறாள். செத்துக் கிடந்த நாங்கள் மூவரும் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து கேமராவில் பார்க்கிறோம். கடைசிக் கருவியில் வட்டம் நிரம்பிக்கொண்டிருக்கும்போது பின்னால் அலறல். நிரம்பியது. மிச்ச எதிரிகளை எப்படி முடித்தான் என்று கேட்காதீர்கள், ஏவுகணையெல்லாம் தீர்த்துத்தான் முடித்தான். நாங்கள் எழுந்தோம், விண்கலம் வந்தது, நால்வரும் ஏறினோம். அந்த ஆளை அதற்குப் பிறகு நான் சந்திக்கவே இல்லை.

கிடைத்த பணத்தில் உள்ளே என்ன வரும் என்று தெரியாத ஒரு ஸ்பெக்டர் பேக் வாங்கினேன், 60,000 கிரெடிட். உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்லி உங்கள் மனதைப் புண்படுத்த விரும்பவில்லை.

*

மேலே பான்ஷீ பற்றி எழுதிய நண்பருக்கு: லெசஸ் கிரகத்தின் மடாலயப் பணியை ஒருமுறை நிதானமாக ஆடிப் பாருங்கள். அந்த அலறல் யாருடையது என்று அங்கேதான் தெரியும். நம் பழைய கூட்டாளி, அசாரி இனத்துச் சமாராவின் மகள்கள் இருந்த இடம் அது. அசாரிப் பெண்களைப் பிடித்துத்தான் பான்ஷீயாக மாற்றுகிறார்கள். அதன் பிறகு எனக்கு மல்டிபிளேயரில் அந்தச் சத்தம் கேட்டால் பயத்தோடு வேறு ஏதோவும் சேர்ந்துகொண்டது.

நான் சொல்ல வந்தது சண்டையே இல்லாத ஒன்று. சிட்டடலின் ஹுவெர்ட்டா மருத்துவமனையில் ஒரு அசாரி கமாண்டோ தன் மருத்துவரிடம் பேசிக்கொண்டிருப்பாள். நாம் அவளோடு பேச முடியாது, நின்று கேட்கத்தான் முடியும். ஒரு பணி முடித்துத் திரும்பும்போது கொஞ்சம், அடுத்த முறை கொஞ்சம் என்று துண்டு துண்டாகத்தான் கதை வரும். ஒரு பண்ணையில் மனிதப் பெண் ஒருத்தியோடு ஒளிந்திருந்திருக்கிறாள். சுற்றிலும் ரீப்பர் படை. அந்தப் பெண்ணுக்குக் காலில் அடி, அழுகையை அடக்க முடியவில்லை. சத்தம் வெளியே கேட்டால் இருவரும் காலி. கமாண்டோ அவளை அமைதிப்படுத்திவிட்டாள். எப்படி என்று அவள் வாயாலேயே கேட்க வேண்டும்.

இதற்கும் நமக்கும் என்ன என்றுதானே தோன்றும்? நார்மண்டியை ஓட்டும் ஜோக்கர் போகிற போக்கில் தன் அப்பாவும் தங்கையும் டிப்ட்ரீயில் இருப்பதாகச் சொல்லியிருப்பான். அந்த ஊர்ப் பெயரையும் கமாண்டோ சொல்லும் பெண்ணின் பெயரையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கேம் இதை எங்கேயும் எடுத்துச் சொல்லாது. ஜோக்கருக்கும் கடைசிவரை தெரியாது. அவன் வழக்கம்போல ஜோக் அடித்துக்கொண்டிருப்பான், அவன் பின்னால் நாம் நிற்போம்.

அந்தக் கமாண்டோ தனக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஷெப்பர்ட் போன்ற சிறப்பு முகவர்களின் ஸ்பெக்டர் அலுவலக டெர்மினலில் அனுமதி தருகிற அதிகாரம் நம்மிடம் இருக்கிறது. நான் தரவில்லை. தந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும்.

*

எல்லோரும் கண்ணைக் கசக்குகிறீர்கள். நான் கொஞ்சம் கோபப்படுகிறேன். காய் லெங் என்ற வில்லனால்!

அசாரிகளின் தாய்க்கிரகமான தெஸ்ஸியாவில் அவனோடு சண்டை. உண்மையில் அதைச் சண்டை என்று சொல்லக்கூடாது. அவன் கவசத்தைத் தட்டித் தட்டி இறக்குகிறேன், இன்னும் ஒரு தட்டு என்ற நிலையில் மண்டியிட்டு உட்கார்ந்து சார்ஜ் ஏற்றிக்கொள்கிறான். அதுவரை வானத்திலிருந்து கன்ஷிப் என்னைப் பார்த்துக்கொள்ளும். திரும்பவும் இறக்குகிறேன். சரி, இப்போது விழுவான் என்றால் காட்சி மாறுகிறது. அதில் ஷெப்பர்ட் தோற்றுக் கிடக்கிறார், அவன் தகவலை எடுத்துக்கொண்டு போகிறான். கையில் ஜெயித்து, திரையில் தோற்பது எந்த ஊர் நியாயம்? அப்புறம் கேலியாக ஒரு மின்னஞ்சல் வேறு அனுப்புகிறான்.

கதைக்கு அந்தத் தோல்வி தேவை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு கிரகம் முழுக்கக் கண் முன்னால் அழிகிறது, நம் அசாரித் தோழி லியாரா உடைந்துபோகிறாள், ஷெப்பர்டும் முதல்முறையாகக் கலங்குகிறார். அந்தத் தோல்வியை ரீப்பர்கள் தந்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். நம் பழைய கூட்டாளி தேய்னைக் கொன்றதும் இவன்தான் என்பதால், பிறகு க்ரோனோஸ் நிலையத்தில் இவனை முடிக்கச் சொல்லி அந்த ரெனிகேட் குறி வந்தபோது எனக்குத் தயக்கமே இல்லை. பாரகானாக, அதாவது நல்லவராக, ஆடுபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அங்கே மட்டும் அழுத்திவிடுங்கள்.

*

ரன்னாக், குவேரியன் இனத்தின் தாய்க்கிரகம். மலை விளிம்பில் நின்று ஒரு ரீப்பரை இலக்குக் கருவியால் குறிபார்க்க வேண்டும். கதிர் நம்மை நோக்கித் தரையைக் கிழித்துக்கொண்டு வரும். குறி பூட்டப்படும்வரை கையை எடுக்கக்கூடாது, ஆனால் ஒதுங்காவிட்டால் சாம்பல். பூட்டியதும் மேலே சுற்றுப்பாதையிலிருந்து குவேரியன் கப்பற்படை மொத்தமாகச் சுடும். அது விழும், எழும், இன்னும் நெருங்கி வரும். மூன்று பாகத்திலும் ஒரு ரீப்பரின் உயரத்தை உடம்பால் உணர்ந்தது எனக்கு அங்கேதான்.

அது முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அதைவிடப் பெரியது வருகிறது. யாரைக் காப்பாற்றுவது: குவேரியன்கள் உருவாக்கிய இயந்திர இனமான கெத்தா, குவேரியனா? இரண்டையும் காப்பாற்ற வழி உண்டு. அதற்கு நம் குவேரியன் தோழி டாலியும் கெத் தோழன் லீஜியனும் இரண்டாம் பாகத்தில் பிழைத்திருக்க வேண்டும், டாலி நாடுகடத்தப்படாமல் இருந்தால் நல்லது, இன்னும் பல முடிவுகள் கூடிவர வேண்டும். என் சேவில் அந்த வாசல் மூடியிருந்தது. கெத் பக்கம் நின்றேன். அவர்கள் கேட்டது வாழும் உரிமை மட்டும்தான். கப்பற்படை எரிந்து விழுகிறது. டாலி முகமூடியைக் கழற்றுகிறாள், பின்னால் சாய்கிறாள், ஷெப்பர்ட் ஓடுகிறார், எட்டவில்லை. இன்றைக்கும் என் முடிவு சரி என்றுதான் வாதாடுவேன். அந்த சேவை மட்டும் அதன் பிறகு திறக்கவில்லை.

*

ஒரு சின்னது. நம் தோழன் காரஸோடு சிட்டடலின் பிரசிடியத்தின் உச்சியில் பாட்டில் சுடும் போட்டி. குறி சரியாகவே இருக்கும். வேண்டுமென்றே தவறவிடும் வாய்ப்பும் இருக்கும். தவறவிடுங்கள். அந்த ஆள் குதிக்கிற குதி இருக்கிறதே! எல்லாம் இடிந்துகொண்டிருக்கும் கேமில் அங்கே மட்டும் மனம் விட்டுச் சிரித்தேன். பிறகு 2013 மார்ச்சில் வந்த சிட்டடல் டி.எல்.சி. (கூடுதல் பகுதி) விருந்தில் சிரித்தேன், அது தனிக் கணக்கு.

*

யாராவது அந்தக் கடைசி மராடரைச் சொல்வீர்கள் என்று பார்த்தேன், காணோம்.

லண்டனில் ஹார்பிஞ்சர் என்ற ரீப்பரின் கதிர் அடித்து எல்லோரும் விழுந்த பிறகு, கருகிய கவசத்தோடு ஷெப்பர்ட் எழுந்து நொண்டிக்கொண்டு போவார். கையில் ஒரு கைத்துப்பாக்கி, தோட்டா தீராது, ஆனால் குறி ஆடிக்கொண்டே இருக்கும். மூன்று ஹஸ்க்குகள் வரும். அப்புறம் ஒளித்தூணின் முன்னால் ஒரே ஒரு மராடர். மொத்தக் கதையிலும் நாம் சுடும் கடைசிச் சாதாரண எதிரி அவன். முடிவு பிடிக்காத ரசிகர்கள் அவனுக்கு மராடர் ஷீல்ட்ஸ் என்று பெயர் வைத்துத் தியாகி ஆக்கிவிட்டார்கள்: அந்த முடிவைப் பார்க்கவிடாமல் நம்மைக் காப்பாற்ற உயிர் கொடுத்தவனாம்.

நான் வெளியான புதிதிலேயே முடித்தவன். சிவப்பு, நீலம், பச்சை. எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே வெடிப்பு, நிறம்தான் வேறு. அதே நார்மண்டி அதே காட்டில் விழுகிறது. என்னோடு ஓடிவந்த தோழர்கள் எப்படிக் கப்பலுக்குப் போனார்கள் என்று அப்போது எந்த விளக்கமும் இல்லை. 2012 ஜூனில் இலவசமாக வந்த எக்ஸ்டெண்டட் கட் அதைச் சரிசெய்தது, நான்காவதாக மறுக்கும் முடிவையும் சேர்த்தது. முடிவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அந்தக் குழந்தை உருவத்தைச் சுட்டாலே போதும், மறுத்ததாகக் கணக்கு. நான் சுட்டேன். எல்லோரும் செத்தார்கள், ரீப்பர்களின் அழிவுச் சுழற்சி தொடர்ந்தது. லியாரா விட்டுவைத்த பதிவைக் கேட்ட அடுத்த தலைமுறைதான் பிழைத்தது. மூன்று நிறத்தையும்விட எனக்கு அது நேர்மையாகப் பட்டது. ஒத்துக்கொள்ளாதவர்கள் வரலாம்.

*

இழையைத் தொடங்கியவன் நான்தான். முடிவைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லியும் வந்துவிட்டீர்கள், மராடருக்காக விட்டுவிடுகிறேன். மறுப்பு முடிவை நான் ஒத்துக்கொள்ளவில்லை. டுச்சங்காவிலும் ரன்னாக்கிலும் அத்தனை பேர் செத்தது அடுத்த தலைமுறைக்குப் பதிவு விட்டுப்போகவா? நான் எப்போதும் சிவப்புதான், ரீப்பர்களை அழிக்கும் முடிவு.

மல்டிபிளேயரில் அந்த இன்ஃபில்ட்ரேட்டர் கதையைப் படித்துவிட்டு இப்போது வாங்கலாமா என்று யாராவது நினைத்தால் ஒரு விஷயம்: 2021-ல் வந்த லெஜண்டரி எடிஷனில் மல்டிபிளேயர் கிடையாது, மூன்று பாகங்களின் கதை மட்டும்தான். அதற்குப் பழைய பதிப்புதான் வேண்டும். கதைக்காக என்றால் லெஜண்டரி எடிஷன் தாராளம். ஆனால் தயவுசெய்து முதல் பாகத்திலிருந்து ஆரம்பியுங்கள், ரெக்ஸிடம் வர்மையரில் பொறுமையாகப் பேசுங்கள்.

இன்னொரு க்ரோகன் தோழன் கிரண்ட்டின் அராலாக் படைப்பிரிவைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. அடுத்து வருபவர் எடுத்துக்கொள்ளுங்கள்.