தாதியம் எவ்வாறு ஒரு தனித் தொழில்துறையாக வளர்ந்தது?

கோப்பாயிலிருந்து ஒரு தாய்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டப்படிப்புக்குத் தெரிவாகியிருக்கிறாள். அவளுக்கு அதில் மிகுந்த விருப்பம். எனக்கும் மறுப்பில்லை. ஆனால் வீட்டுப் பெரியவர்கள், வைத்தியர் சொல்வதைச் செய்யும் வேலைக்கு நான்கு ஆண்டுப் படிப்பு எதற்கு என்றும், பெண்பிள்ளை இரவுக் கடமைக்குப் போவதா என்றும் கேட்கிறார்கள். அவர்களுக்கு மரியாதையுடனும் விபரத்துடனும் பதில் சொல்ல விரும்புகிறேன். தாதியம் எப்போது, எவ்வாறு தனக்கென ஓர் அறிவும் பொறுப்பும் கொண்ட தொழில்துறையாக மாறியது? நமது யாழ்ப்பாணத்தில் அது எப்படி வந்து சேர்ந்தது? வைத்தியரின் சொல்லுக்கு அப்பால் ஒரு தாதி தானே முடிவெடுக்கும் விடயம் என்று ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வட்டுக்கோட்டை வாசகன்:

வணக்கம் அம்மா. நான் மருத்துவத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். உள்ளூர் வரலாற்றில் ஈடுபாடு உள்ளவன். ஆகவே இரண்டாவது கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் மேலைமருத்துவம் முதலில் வந்தது. பயிற்சி பெற்ற தாதியர் அதற்கு வெகுகாலம் பிந்தித்தான் வந்தார்கள். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கு வந்து, அடுத்த ஆண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாயில் இருந்துகொண்டு உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, பிரசவம் ஆகியவை பற்றிய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியர்களை உருவாக்கியவர் அவர். நகரத்தில் ஏறக்குறைய அதே காலத்தில், அரசாங்க அதிபராக இருந்த டைக்கின் முயற்சியால், தரும சங்கம் ஒன்றின் பொறுப்பில் ஒரு வைத்தியசாலை எழுந்தது. இன்று நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் போதனா வைத்தியசாலையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் கிறீனிடம் படித்தவர்கள் ஆண்கள், வைத்தியர்களாகப் போனவர்கள். நோயாளிக்கு உடம்பு துடைத்து, கஞ்சி பருக்கி, மலசலம் எடுத்து, இரவில் விழித்திருந்தவர்கள் பெரும்பாலும் கூட வந்த உறவினர்களே.

இந்த நிலையை மாற்றிய இடம் இணுவில் என்பது என் எண்ணம். 1898இல் அங்கே பெண்களுக்காக மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆண் வைத்தியரிடம் காட்ட மறுத்து, பிரசவத்தின்போது வீட்டிலேயே மடிந்துபோன பெண்கள் ஏராளமாக இருந்த காலம் அது. அந்த வைத்தியசாலை பெண்களைப் பராமரிக்கப் பெண்களைப் பழக்கியது. மிஷன் பாடசாலைகளில், குறிப்பாக 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலை போன்றவற்றில், எழுத்தும் கணக்கும் கற்ற தலைமுறைகள் இல்லாதிருந்தால் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். மருந்தின் அளவை வாசிக்கத் தெரியாதவரை ஒரு விடுதியின் பொறுப்பில் எப்படி நிறுத்துவது?

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் தயக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது சரியாகாது. பிரசவம் பார்த்த ஊர் மருத்துவிச்சிமார் பெரும்பாலும் சாதியமைப்பு ஒடுக்கி வைத்திருந்த சமூகங்களிலிருந்தே வந்தார்கள். அவர்களுடைய கைகளில் பிறந்தவர்களே அவர்களைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தினார்கள். இரத்தத்தையும் மலத்தையும் தொடும் வேலை இழிவானது என்ற எண்ணம் அந்த வழியாக வந்தது. படித்த குடும்பத்துப் பெண்கள் தாதியராகத் தொடங்கியபோது வேலையின் மதிப்பு உயர்ந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அந்த மருத்துவிச்சிமாருக்கு உரிய நன்றி மட்டும் இன்றுவரை செலுத்தப்படவில்லை.

ஓய்வுபெற்ற தாதிய சகோதரி:

அம்மா, உங்கள் மூன்றாவது கேள்வியைப் பார்த்தவுடன் எழுதத் தோன்றியது. நான் வடக்கிலும் கிழக்கிலும் அரச வைத்தியசாலைகளில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள். தாதி முடிவெடுப்பது எங்கே என்று கேட்கிறீர்கள். வைத்தியர் விடுதிக்கு வருவது காலையிலும் மாலையிலும் சில நிமிடங்கள். எஞ்சிய நேரம் முழுவதும் நோயாளிக்கு அருகில் இருப்பவள் தாதி.

ஓர் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் சத்திரசிகிச்சை முடிந்து வந்த ஒருவர் கட்டிலில் கிடக்கிறார். நாடித்துடிப்பு ஒவ்வொரு தடவையும் சற்றுக் கூடிக்கொண்டு போகிறது. இரத்த அழுத்தம் இன்னும் குறையவில்லை. ஆனால் கை குளிர்கிறது, நெற்றியில் ஈரம் தெரிகிறது, சிறுநீர்ப் பையில் முந்திய மணித்தியாலத்தில் சேர்ந்ததன் பாதிகூட இல்லை, அவரோ "தண்ணி, தண்ணி" என்று கேட்டபடி புரண்டுகொண்டிருக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றுள் எதுவும் பெரிய விடயமாகத் தோன்றாது. சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவளுக்கு, உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறது என்பது விளங்கும். அந்த நேரத்தில் வைத்தியரை எழுப்புவதா, இன்னும் அரை மணித்தியாலம் பார்ப்பதா என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித் தருவதில்லை. அவர் வருவதற்குள் கால்மாட்டை உயர்த்தி, ஒட்சிசன் கொடுத்து, சேலைன் ஏற்ற நாளத்தில் வழி இருக்கிறதா என்று பார்த்து, இரத்தம் தேவைப்படும் என்று முன்கூட்டி நினைத்து வைப்பவளும் அவளே. இவை அனைத்தையும் பி.எச்.ரி. என்று நாங்கள் சொல்லும் கட்டில்தலைச் சீட்டில் நேரத்துடன் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். அந்தக் கையொப்பத்துக்கு நாளை விசாரணை வந்தாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். கைவேலை தெரிந்த ஊழியர் ஒருவருக்கும் தாதிக்கும் உள்ள வேறுபாட்டை நான் அந்த இடத்தில்தான் காண்கிறேன்.

புளோரன்ஸ் நைற்றிங்கேலை எல்லோரும் விளக்குடன் நினைக்கிறார்கள். எங்களுக்குப் பயிற்சியளித்த மூத்தவர்கள் அவருடைய கணக்கை நினைக்கச் சொன்னார்கள். கிரிமியப் போரின்போது, 1854 இறுதியில் முப்பத்தெட்டுப் பெண்களுடன் துருக்கியில் இருந்த ஸ்கூற்றாரி பிரித்தானிய இராணுவ வைத்தியசாலைக்குப் போனவர் அவர். அவர் போன பின்னும் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை. 1855 வசந்தத்தில் சுகாதார ஆணைக்குழு வந்து அடைபட்ட கழிவு வாய்க்கால்களைச் சுத்தம் செய்த பின்னரே சாவு வீதம் சரிந்தது. போர் முடிந்து நாடு திரும்பிய பின், எத்தனை பேர் காயத்தால் இறந்தார்கள், எத்தனை பேர் தடுத்திருக்கக்கூடிய தொற்றால் இறந்தார்கள் என்று வகைப்படுத்தி, வரைபடம் போட்டு அரசாங்கத்தின் முன்வைத்தார். 1860இல் இலண்டன் செயின்ற் தோமஸ் வைத்தியசாலையில் பயிற்சிப் பாடசாலை தொடங்கியபோது, மாணவியர் அவதானித்ததைப் பதிந்து வைக்கப் பழக்கப்பட்டார்கள். இன்று உங்கள் மகள் வெப்பநிலை, நாடி, சுவாசம் என்று கோடு வரையப்போகும் தாள் அந்த வழியில் வந்ததுதான்.

போர்க்காலம் பற்றியும் ஒரு வார்த்தை. 1990க்குப் பின் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மருந்துத் தடையும் இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஊசி போட்டவர்கள் எங்கள் தாதியர். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் நுழைந்த இந்தியப் படையினரின் சூட்டில் வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் நோயாளரும் கொல்லப்பட்டார்கள். கடமையில் நின்றபடியே இறந்தவர்கள் அவர்கள். பெண்பிள்ளை இரவுக் கடமைக்குப் போவதா என்று கேட்பவர்களிடம், இந்த ஊரில் போய்த்தான் வந்திருக்கிறார்கள், அதனால்தான் பலர் பிழைத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

தாதியியல் கற்பிப்பவர்:

மேலே எழுதிய சகோதரியின் மீது பெருமதிப்பு வைத்துக்கொண்டே சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

நல்ல பயிற்சி மட்டும் ஒரு வேலையைத் தொழில்துறையாக்கி விடுவதில்லை. யார் அதைச் செய்யலாம் என்பதைச் சட்டம் வரையறுக்க வேண்டும். அத்துறையின் அறிவை அத்துறையினரே ஆராய்ந்து வளர்க்க வேண்டும். முதலாவது விடயத்தில் நைற்றிங்கேலே எதிரணியில் நின்றார் என்பதைப் பலர் அறிவதில்லை. பரீட்சை எழுதிப் பதிவேட்டில் பெயர் ஏறுவதால் நற்குணம் வந்துவிடாது என்பது அவருடைய வாதம். எதெல் பெட்போர்ட் பென்விக் என்ற தாதி, பதிவு இல்லாவிட்டால் எவரும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு நோயாளியிடம் போகலாம் என்று வாதிட்டுப் பல்லாண்டு போராடினார். பென்விக் சொன்னதே சரி என்பது என் முடிவு. உலகில் முதலில் தாதியருக்கென்று தனிப் பதிவுச் சட்டம் இயற்றிய நாடு நியூசிலாந்து, 1901இல். பிரித்தானியாவில் 1919 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இலங்கையில் அரசின் முதலாவது தாதியர் பயிற்சிப் பாடசாலை 1939இல் கொழும்பில் தொடங்கியது. தாதியருக்கென்று தனிச் சபை அமைக்கும் சட்டம் 1988இன் 19ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. இன்று அச்சபையில் பதிவு பெறுவது பட்டதாரிக்கும் டிப்ளோமா பெற்றவருக்கும் ஒன்றுபோலவே கட்டாயம்.

அறிவை வளர்த்தல் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், ரொச்போர்ட் வைத்தியசாலையின் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு வார்ட் என்ற தாதிய சகோதரி பொறுப்பாக இருந்தார். நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் காற்றாட வைப்பது அவருடைய வழக்கம். ஒரு நாள் வைத்தியர்கள் பார்வையிட வந்தபோது, ஒரு குழந்தையின் உடுப்பை அகற்றிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருக்க, ஓர் இடத்தில் மட்டும் முக்கோண வடிவில் அடர்ந்த மஞ்சள் தெரிந்தது. அது துணியின் மூலையால் மூடப்பட்டிருந்த இடம். வெயில் பட்ட தோலில் மஞ்சள் குறைந்திருந்தது. அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வு 1958இல் வெளியாயிற்று. இன்று மஞ்சள் கண்ட பச்சிளங்குழந்தைகளைக் கண்ணைக் கட்டி நீல ஒளியின் கீழே கிடத்துகிறோமே, அந்தச் சிகிச்சை அங்கிருந்து பிறந்தது. (நம் வீடுகளில் பிள்ளையை இளவெயிலில் காட்டும் வழக்கம் இருந்தாலும், மஞ்சள் கூடினால் வெயிலை நம்பியிராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள்.)

படுக்கைப் புண் இன்னொரு எடுத்துக்காட்டு. அதற்கு என்னென்னவோ பூசிக்கொண்டிருந்த காலத்தில், டொரீன் நோர்ட்டன் என்ற தாதியும் அவருடன் சேர்ந்தவர்களும் முதியோர் விடுதிகளில் ஆராய்ந்து, பூச்சுகளைவிட நோயாளியைக் குறித்த நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பதே புண்ணைத் தடுக்கிறது என்று 1962இல் எடுத்துக்காட்டினார்கள். யாருக்குப் புண் வரும் ஆபத்து அதிகம் என்று மதிப்பிடும் புள்ளி முறையையும் தந்தார்கள். எந்த நோயாளியை எத்தனை மணிக்கு ஒரு தடவை புரட்டுவது என்பதைத் தாதிதான் தீர்மானிக்கிறாள்.

பட்டப்படிப்பு அதற்காகவே வேண்டியிருக்கிறது. அவதானித்ததைக் கேள்வியாக்கி, கேள்வியை ஆய்வாக்கி, ஆய்வை விடுதியின் நடைமுறையாக்கும் பயிற்சி அங்கே கிடைக்கிறது. இலங்கையில் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் இதைத் தொடங்கி வைத்தது; யாழ்ப்பாணத்தில் அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்குப் பின் வந்தது.

ஓய்வுபெற்ற தாதிய சகோதரி:

பட்டத்துக்கு நான் எதிரானவள் அல்ல, பிள்ளை. ஆனால் சகோதரி வார்ட் குழந்தையை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதால்தான் அந்த முக்கோணத்தைக் கண்டார். புதிதாக வரும் பட்டதாரிப் பிள்ளைகள் சிலர் பதிவேடும் கணினியுமாக இருந்து, நோயாளியைத் துடைக்கும் வேலையை உதவியாளரிடம் விட்டுவிடுகிறார்கள். துடைக்கும்போதுதான் முதுகில் சிவந்த இடம் கண்ணில் படுகிறது. அந்த வேலை உங்கள் மாணவியர் கையை விட்டுப் போக விடாதீர்கள்.

தாதியியல் கற்பிப்பவர்:

முழுமையாக ஏற்கிறேன், சகோதரி. முதலாம் ஆண்டிலேயே கட்டில் குளிப்பாட்டலைக் கற்பிக்கும்போது தோலைப் பார்த்து எழுதவும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறோம். விடுதியில் ஆள் பற்றாக்குறை வந்தவுடன் முதலில் கைவிடப்படுவது அதுதான் என்பது எங்களுக்கும் கவலையான விடயம்.

கோப்பாயிலிருந்து ஒரு தாய்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் அச்சிட்டு வீட்டில் வாசிக்கக் கொடுத்தேன். மாமியார் வாசித்துவிட்டு, தன்னுடைய தாயாருக்கு இணுவில் ஆஸ்பத்திரியில்தான் முதல் பிள்ளை பிறந்தது என்றும், அங்கிருந்த மிஸ்ஸி ஒருவர் இரவு முழுவதும் பக்கத்தில் இருந்ததாகத் தாயார் சொல்வார் என்றும் கூறினார். எங்களிடம் அவர் அதை இதற்கு முன் சொன்னதில்லை. மகள் பதிவுக்கான ஆவணங்களைத் தயார் செய்கிறாள். ஒரு சிறு சந்தேகம்: வகுப்புகள் தொடங்குமுன் அவள் வீட்டிலிருந்தே எதையாவது பழகிக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற தாதிய சகோதரி:

மணிக்கட்டில் நாடி பிடித்து, செக்கன் முள் உள்ள மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணப் பழகச் சொல்லுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும் பழக்கம் வேண்டாம். ஒழுங்கற்ற துடிப்பு அதில் தவறிப்போகும். மாமியாரின் நாடியிலிருந்தே தொடங்கட்டும்.