ஒரே லெட்சுமியம்மாவுக்கு இரண்டு இலக்கம்

அமைச்சரின் இணைப்புச் செயலாளர் வருகிறார் என்றதும் எங்கள் பதிவு அறையில் அவசரமாக மேசைகளை ஒதுக்கினோம். 2021 கடைசி, கொழும்பில் ஓர் அரச ஆஸ்பத்திரி. முச்சக்கர வண்டியில் தனியாக வந்து இறங்கியவர், “மிஸ், ஒரு மணித்தியாலம் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கலாமா?” என்று தமிழில் கேட்டார்.

மென்பொருள் படித்தவர். 2020 ஜனவரியில் இலங்கையில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்ட நாட்களில், வெளிநாட்டிலிருந்து வருபவர்களைக் கண்காணிக்க நம்மவர்கள் டி.எச்.ஐ.எஸ். 2 என்ற சுகாதாரத் தரவு மென்பொருளில் ஒரு பதிவு முறை செய்தார்கள். பிறகு பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. அதற்குக் கைகொடுக்கப் போனவர்தான் அப்படியே அமைச்சரோடு சேர்ந்துவிட்டார்.

அன்று கொட்டாஞ்சேனையிலிருந்து லெட்சுமியம்மா சீனி வருத்தக் (நீரிழிவு) கிளினிக்குக்கு வந்திருந்தார். கொப்பிக்குள் இரண்டு அட்டை. ஒன்றில் பெயர் ஆங்கிலத்தில் எல், ஈ, டி என்று தொடங்கியது. மற்றதில் எல், ஏ, கே. இரண்டுக்கும் வேறு வேறு இலக்கம். சீனி அறிக்கைகள் ஒன்றில் கிடந்தன. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு மற்றதில் மட்டும்தான் இருந்தது.

செயலாளர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் பேனையை நீட்டி, “அம்மா, உங்கட பெயரை நீங்களே எழுதுங்கோ” என்றார். லெட்சுமியம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் எழுதினார். “கணினியில் இவர் இரண்டு பேர் மிஸ், தமிழில் ஒருத்தர்” என்று செயலாளர் என்னிடம் சொல்லிவிட்டு அதைத் தன் தாளில் பார்த்து எழுதிக்கொண்டார். பெயரைத் தமிழிலும் பதிய வேண்டும், அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் வைத்துத் தேட வேண்டும் என்று அங்கேயே குறிப்பெழுதினார்.

அதன் பிறகு அடிக்கடி ஃபோன் எடுப்பார். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரப்போகிறது, நோய் விவரத்துக்கு அதில் கூடுதல் பாதுகாப்பு உண்டு என்பார். “வாசலில் பெயரோடு நோயையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்களா?” என்று கேட்பார். கூப்பிடுகிறார்கள் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

2022 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. ஏப்ரல் 3 இரவு அமைச்சரவை கூண்டோடு விலகியது. அமைச்சர் போனால் இவரைப் போன்ற செயலாளர்களின் நியமனமும் போய்விடும். அடுத்த வாரம் ஃபோன் வந்தது. தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “லெட்சுமியம்மாவின் இரண்டு இலக்கத்தையும் சேர்த்தாயிற்றா மிஸ்?”

சேர்க்கவில்லை. அன்றே இரண்டு கோப்பையும் எடுத்துக் கையால் ஒன்றாக்கி, மேலட்டையில் சிவப்புப் பேனையால் பென்சிலின் ஒவ்வாமை என்று எழுதினேன்.