அம்மப்பாவின் ரோச் பற்றறி

வீட்டுக் குழு, ஞாயிறு இரவு

நான்: மாமா, நிற்கிறீர்களா? நாளைக்கு விஞ்ஞானப் பாடத்துக்கு ஒரு மின்சுற்று செய்துகொண்டு போக வேண்டும். பல்ப் எரியவே இல்லை.

நான்: [படம்]

நான்: பற்றறி இரண்டும் நல்லவை. அம்மப்பாவின் ரோச்சிலிருந்து கழற்றினேன்.

அம்மா: கேட்டுவிட்டா கழற்றினாய்?

சின்ன மாமா: பற்றறியைத் தொட்டுப் பார். சுடுகிறதா?

நான்: ஓம், நல்லாய்ச் சுடுகிறது.

சின்ன மாமா: முதலில் வயரைக் கழற்று. பிறகு கதைப்போம்.

நான்: கழற்றிவிட்டேன்.

சின்ன மாமா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு வயரையும் பல்பின் புரியிலேயே சுற்றியிருக்கிறாய். மின்னோட்டம் ஒரு வயரால் வந்து, அந்தத் தகரத்தோடு மற்ற வயருக்குப் போய்விட்டது. உள்ளே இழைப்பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. இதுதான் குறுஞ்சுற்று. வழியில் தடை இல்லாவிட்டால் ஓட்டம் கூடிவிடும். சூடு அதனால்தான்.

அண்ணா: நல்லூர்த் தேருக்கு றோட்டை விட்டு ஒழுங்கையால் போகிற சனம் மாதிரி.

சின்ன மாமா: பல்பின் அடியில் ஈயப் பொட்டு ஒன்று இருக்கும். ஒரு வயர் அதற்கு, மற்றது புரிக்கு. இழையின் இரண்டு முனையும் அந்த இரண்டு இடத்துக்கும்தான் வருகின்றன.

நான்: எரிகிறது!!!

கனடா சித்தி: கெட்டிக்காரி 👏

அண்ணா: மாமா, இன்னொரு பல்பை மீற்றரால் அளந்தேன். தடை 1 ஓம் சொச்சம்தான் காட்டுகிறது. பல்பிலோ 2.5 வோல்ற், 0.3 அம்பியர் என்று இருக்கிறது. ஓமின் விதிப்படி வோல்ற்றை அம்பியரால் பிரித்தால் 8 ஓமுக்கு மேல் வருகிறதே?

சின்ன மாமா: மீற்றரும் சரி, உன் கணக்கும் சரி. நீ அளந்தது குளிர்ந்த இழையை. எரியும்போது இழை வெண்சூடாகித் தடையும் பல மடங்கு ஏறிவிடும்.

கனடா சித்தி: நாங்கள் ஓம் சொல்வதற்கும் விதி இருக்கிறதா?

சின்ன மாமா: ஓம் என்பவர் ஜெர்மன்காரர், பள்ளிக்கூட வாத்தியார். 1827இல் எழுதிவைத்தார்.

கனடா சித்தி: ஓம் ஓம் 😂

நான்: எனக்கும் ஒரு சந்தேகம். போக ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி வேண்டும் என்று ரீச்சர் சொன்னா. அம்மப்பாவின் றலி சைக்கிளில் டைனமோவிலிருந்து லைற்றுக்கு ஒரே ஒரு வயர்தானே போகிறது?

சின்ன மாமா: அதை அப்பாவிடம் கேள்.

அம்மப்பா: மற்ற வயர் சைக்கிள்தான் பிள்ளை. டைனமோவும் லைற்றும் சட்டத்தில் பூட்டியிருக்கின்றன. வயரால் போனது இரும்பால் திரும்பி வரும்.

அம்மப்பா: 90க்குப் பிறகு, சண்டைக் காலத்தில், இங்கே யாழ்ப்பாணத்தில் கறண்ட் இல்லை. பற்றறியும் கொண்டுவர விடமாட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்டோம்.

அண்ணா: டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடுகிற ஆடலோட்டம் அல்லவா? றேடியோவுக்கு ஒரே திசையில் ஓடுகிற நேரோட்டம் வேண்டுமே?

அம்மப்பா: ஓட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோட்டு நாலு பிடித்து மாற்றினோம். படிக்காதவனும் அப்போது அதைப் பழகினான்.

அம்மா: சுற்றுகிறது நான். கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துபோகும். உடனே அப்பா கத்துவார்.

கனடா சித்தி: நானும் சுற்றினேன்.

அம்மா: நீ நித்திரை.

நான்: சுவிச் வைத்தேன். திரும்பவும் எரியவில்லை 😭 அட்டையில் இரண்டு குத்தூசி, நடுவில் கிளிப். [படம்]

சின்ன மாமா: சுடுகிறதா?

நான்: இல்லை.

சின்ன மாமா: அப்படியென்றால் இம்முறை எங்கோ அறுந்திருக்கிறது. வயர் முனைகளைப் பார்.

நான்: எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

அம்மப்பா: கிளிப் என்ன நிறம்?

நான்: ரோஸ்.

அம்மப்பா: அது பிளாஸ்ரிக் பூசின கிளிப். ஊசி தொடுகிற இடத்தில் கத்தியால் சுரண்டு. நானும் ஒருமுறை சைக்கிளுக்கு ஆசையாகக் கறுப்புப் பெயின்ற் அடித்தேன். அன்றிரவே லைற் இல்லை. பல்பை மாற்றினேன், வயரை மாற்றினேன், டைனமோவையும் கழற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் லைற்றைப் பூட்டுகிற ஆணிக்குக் கீழே பெயின்ற். நகக்கண் அளவு சுரண்டினேன், எரிந்தது.

அம்மா: கத்தி கவனம். அண்ணாவிடம் கொடு.

நான்: எரிகிறது அம்மப்பா! கிளிப்பைத் திருப்பினால் நூர்கிறது, திரும்ப வைத்தால் எரிகிறது.

சின்ன மாமா: இரண்டாவது பல்பையும் வைத்துப் பார். ஒன்றின் பின் ஒன்றாகத் தொடரில் வைத்தால் இரண்டும் மங்கும், ஒன்றைக் கழற்றினால் மற்றதும் நூரும். ஒவ்வொன்றுக்கும் தனி வழி கொடுத்துச் சமாந்தரமாக வைத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. வீட்டு வயரிங் அப்படித்தான். குசினி லைற் போனால் அறை லைற் நூர்கிறதா?

நான்: இல்லை. அப்போ வீட்டு சுவிச்சும் என் கிளிப் மாதிரித்தானா?

சின்ன மாமா: வேலை அதேதான். அதற்காகச் சுவர்ப் பிளக்கில் வயர் செருகிப் பார்க்காதே. உன்னிடம் இருப்பது 3 வோல்ற், அங்கே 230. விளங்கியதா?

நான்: ஓம் மாமா.

அம்மப்பா: பிள்ளை, பற்றறியைக் கொண்டுவந்து ரோச்சில் போடு. கோழிக்கூடு பூட்டினேனோ தெரியவில்லை.

நான்: நாளைக்கு வகுப்பு முடியட்டும் அம்மப்பா, பிளீஸ்.

அம்மா: போன் லைற்றைப் பிடித்துக்கொண்டு நீயும் கூடப் போ.