உதிரிப்பூக்கள் (1979): நல்ல டிவிடி எது?

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ படத்துக்குச் சுத்தமான டிவிடி வேண்டும், உதவுங்கள். விசிடி வேண்டாம், 352×288 புள்ளிகளில் அசோக்குமாரின் ஒளிப்பதிவு, முக்கியமாக ஆற்றங்கரைக் காட்சிகள், கரைந்தே போகும்.

என்னிடம் இருப்பது பிஏஎல் முறை (விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டிவி முறை) வட்டு. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய படம் 25-இல் ஓடுவதால், ‘அழகிய கண்ணே’ பாட்டில் ஜானகி அம்மா குரல் அரைச்சுரத்துக்குச் சற்றே குறைவாக ஏறிவிடுகிறது. கணினியில் விஎல்சி பிளேயரில் வேகத்தை 0.96 ஆக்கி, ஆடியோ டைம் ஸ்ட்ரெச்சிங்கை (வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் வசதி) அணைத்தால் சுருதி சரியாகிறது. ஆனால் ஆட்கள் நகரும்போது வரும் சீப்புப் பல் கோடுகள் டீஇன்டர்லேஸ் (அந்தக் கோடுகளை நீக்கும் வசதி) போட்டும் போகவில்லை. வட்டுக்கு மூலமான மாஸ்டர் பிரதியிலேயே பதிந்துவிட்ட கோளாறு அது என நினைக்கிறேன்.

வட்டு வைத்திருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்: படத்தின் அளவு 720×480 புள்ளிகளா (என்டிஎஸ்சி முறை), 720×576-ஆ (பிஏஎல்)? டைட்டில் எழுத்துகள் மேலே கீழே வெட்டுப்படுகின்றனவா? மூலையில் நிறுவன முத்திரை நிற்கிறதா? இரைச்சல் நீக்குகிறேன் என்று பின்னணி ஒலியையும் துடைத்த பதிப்பா? இந்தப் படத்தில் பேச்சில்லாத இடங்கள்தான் உயிர், அதனால் கடைசிக் கேள்விக்குப் பதில் ரொம்ப முக்கியம்.