உருவங்களிலும் மணலிலும் வெண்படலம்: 1/72 அளவு முல்லைத்தீவுக் கோட்டைக் காட்சியமைப்பைக் காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி (முள்ளியவளை)

வணக்கம். 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய நிகழ்வை, 60 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பலகையொன்றில் 1/72 அளவில் (நிஜத்தின் 72இல் ஒரு பங்காக) அமைத்து வருகிறேன். பலர் போர்த் தாங்கிகளின் மாதிரிகளைத்தான் செய்வார்கள். எங்கள் பக்கத்தில் அந்த இரும்பை நிஜத்திலேயே போதுமான அளவு பார்த்துவிட்டதால் எனக்கு அதில் ஆசை வரவில்லை.

ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு நெப்போலியன் காலத்து மென்பிளாஸ்ரிக் உருவங்களைப் பயன்படுத்தினேன். வன்னியர் தரப்புக்குப் பொருத்தமான உருவங்கள் எந்தப் பெட்டியிலும் கிடைக்காதபடியால், வேறு உருவங்களின் தொப்பியையும் சட்டையையும் செதுக்கி நீக்கிவிட்டு, எப்பொக்சிக் களியால் வேட்டியும் தலைப்பாகையும் வைத்தேன். மதில், ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகையின் மேல் சாந்து பூசியது. தரைக்குக் கடற்கரையில் அள்ளிய மணலைத் தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையில் ஒட்டினேன்.

கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், விறாந்தையில் வைத்து, ரின்னில் வரும் மங்கல் (பளபளப்பில்லாத) வார்னிஷை எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பிறே செய்தேன். அரை மணி நேரத்துக்குள் சிவப்புச் சட்டைகள் சாம்பல் தூவியதுபோல் வெளுத்துவிட்டன. ஒரு வாரத்தின் பின் மணலும் வெளுத்தது. போதாததற்குத் துப்பாக்கிகளிலும் வாள்களிலும் பெயின்ற் செதில் செதிலாக உரிகிறது. மூன்றுக்கும் அந்த வார்னிஷ்தான் காரணமா? ஒரு மாத வேலை என்பதால் எறிய மனம் வரவில்லை.

பதில் (வவுனியா)

எறிய வேண்டியதில்லை. சிப்பாய்கள் வெளுத்ததற்குக் காரணம் ஈரக்காற்று. வார்னிஷில் உள்ள கரைப்பான் மிக விரைவாக ஆவியாகும்போது பூசிய பரப்பின் வெப்பத்தை உறிஞ்சி அதைக் குளிரவைக்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் காற்று முழுவதும் ஈரமாக இருப்பதால், அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் படிந்து, உலரும் படலத்துக்குள் நுண்ணிய குழிகளை விட்டுச் செல்கின்றன. அந்தக் குழிகளில் ஒளி சிதறுவதைத்தான் நீங்கள் வெண்மையாகக் காண்கிறீர்கள். ரின்னைப் போதிய அளவு குலுக்காமல் விட்டாலும் அடியில் தங்கிய மங்கல் தூள் திட்டுத் திட்டாக வந்து இதே தோற்றத்தைத் தரும்.

வெயில் எறிக்கும் ஒரு நடுப்பகலில், ஓர் உருவத்தில் மட்டும் மினுக்க வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசிப் பாருங்கள். குழிகள் நிரம்பியதும் சிவப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். அது நன்றாக உலர்ந்த பின்னரே மீண்டும் மங்கல் பூச வேண்டும்.

மணலைப் பற்றி எனக்கு ஐயம் இருக்கிறது. வார்னிஷ் படாத இடம் ஏதாவது உண்டா? அங்கேயும் வெளுத்திருக்கிறதா?

கேட்டவர்

நல்ல கேள்வி கேட்டீர்கள், ஐயா. பனை வடலிகள் நடுவதற்காகக் கோட்டை வாசலின் இடது மூலையைக் கடதாசியால் மூடிவிட்டுத்தான் ஸ்பிறே செய்தேன். அங்கே நிற்கும் இரண்டு சிப்பாய்களும் வெளுக்கவில்லை. ஆனால் அவர்களின் காலடியில் உள்ள மணல் மற்ற இடங்களைவிடக் கூடுதலாக வெளுத்திருக்கிறது.

பதில் (பரந்தன்)

அப்படியானால் இரண்டும் வெவ்வேறு வெண்மை. ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் உங்கள் மணலில் என்ன நடந்திருக்கிறதென்று புரியும். கடல் மணலில் இருந்த உப்பு பசையின் ஈரத்தில் கரைந்து, ஈரம் மேலேறி ஆவியாகும்போது தான் மட்டும் மேற்பரப்பில் தங்கிவிட்டது. மழைக்காலக் காற்றிலிருந்து அது மீண்டும் ஈரத்தை இழுக்கும், மீண்டும் பூக்கும். மேலே எதைப் பூசினாலும் இது நிற்காது.

ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பசைக்குள் இருக்கும் உப்பு அதனால் போகாது என்பதால் நான் அதற்கு உடன்பட மாட்டேன். தரையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். புதிய மணலை மழைநீரில் அலசுங்கள்; எங்கள் கிணற்று நீரிலேயே உப்பும் சுண்ணாம்பும் இருப்பதால் அது வேண்டாம். கடைசியாக அலசிய நீரில் ஒரு கரண்டியைச் சில்வர்த் தட்டில் ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். தட்டில் வெள்ளை வளையம் தெரிந்தால் இன்னும் அலச வேண்டும்.

இன்னொன்று: 1/72 அளவில் அரை மில்லிமீற்றர் மணிகூட நிஜத்தில் 36 மில்லிமீற்றர்க் கல்லுக்குச் சமம். உங்கள் கோட்டை வாசலில் இப்போது இருப்பது மணல் அல்ல, சல்லி. மா அரிக்கும் அரிதட்டில் ஒருமுறையும் பழைய வேட்டித் துணியில் ஒருமுறையும் சலித்தெடுங்கள்.

பதில் (மல்லாவி)

பெயின்ற் உரிவது மூன்றாவது சங்கதி. அந்த உருவங்கள் பொலித்தீன் வகை மென்பிளாஸ்ரிக்கில் வார்க்கப்பட்டவை. அதில் எந்தப் பூச்சும் இறுகப் பற்றாது, அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய எண்ணெயும் மேலே இருக்கும். ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் நீளத் துப்பாக்கி, கை பட்டதும் வளையும். விறைத்த வார்னிஷ் வளையாது, எனவே உடைந்து உரிகிறது. உரிந்த பகுதிகளை மட்டும் சுரண்டி, பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவிக் காயவைத்து, நீர் கலந்த வெள்ளைப் பசையை இரண்டு தரம் பூசிய பின் அக்கிறிலிக் பெயின்ற் அடியுங்கள். பசை உலர்ந்த பின்னும் ஓரளவு வளைந்து கொடுக்கும்.

அதனால்தான் வவுனியா ஐயா சொன்னதில் ஒரு சிறு திருத்தம் வேண்டும்: மினுக்கமோ மங்கலோ எதுவானாலும் நீரில் கரையும் அக்கிறிலிக்காகவே இருக்கட்டும். ஸ்பிறே ரின்னை இனித் தொட வேண்டாம். சாந்தில் ஒரு கீறல் இருந்தாலும் அதன் கரைப்பான் உள்ளே நுழைந்து ரெஜிபோமைத் தின்றுவிடும்.

வடிவம் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் வாங்கியது 1815ஆம் ஆண்டுச் சிப்பாய்களின் உருவப் பெட்டியானால், தொப்பியின் உயர்ந்த முன்பக்கத்தைச் செதுக்கிவிடுங்கள். 1803இல் ஆங்கிலேயக் காலாட்படைக்குரியது 1800இல் வந்த உருளை வடிவத் தொப்பி.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மழை விட்ட மூன்று நாட்களில் தரையை முழுவதும் பெயர்த்துவிட்டேன். மணலை ஆறு தரம் அலசிய பிறகே தட்டில் வளையம் மறைந்தது. மினுக்க அக்கிறிலிக் பூசிய பதினொரு சிப்பாய்களில் பத்துப் பேருக்குச் சிவப்பு திரும்பிவிட்டது. தொப்பிகளையும் செதுக்கிவிட்டேன். பீரங்கியடியில் நிற்பவர் மட்டும் தேறவில்லை. அவரை மதிலின் நிழலுக்குள் முதுகு காட்டி நிறுத்தப் போகிறேன்.